ஜீப்பை உயர்த்திய பின் சக்கரக் கோணம் பார்த்தீர்களா?

மலைத்தோட்டம் வைத்திருக்கும் விவசாயிக்கு ஜீப் ஆடம்பர வண்டி அல்ல. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, சிறுமலை, கொல்லிமலை போன்ற இடங்களில் வாழைத்தார், காப்பி, மிளகு, உர மூட்டை எல்லாவற்றுக்கும் அதுவே கதி. கல்லும் பள்ளமுமான தோட்டத்துப் பாதையில் வண்டியின் அடிப்பாகம் இடிக்காமல் இருக்க, ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்ப்பதும், நீளமான சாக்கிள் மாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. பட்டறையில் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. முன் டயர் சில மாதங்களிலேயே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து நூல் தெரிகிறது. தார்ச் சாலைக்கு வந்தால் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் அலைகிறது. சில வண்டிகளில் வேகம் சற்றுக் கூடியதும் முன்சக்கரங்கள் இரண்டும் நடுக்கம் எடுத்து ஆடுகின்றன. டயரைக் குறை சொல்லிப் புது டயர் வாங்குகிறோம். அதுவும் அதே கதியை அடைகிறது. வண்டியை உயர்த்தியபோது முன்சக்கரங்கள் நிற்கும் கோணம் மாறிவிட்டது. அதை யாரும் திரும்பச் சரி செய்யவில்லை. கோளாறு டயரில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

உயர்த்துவதற்கு முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி உண்மையிலேயே தாழ்வானதா, அல்லது பழைய ஸ்பிரிங் சோர்ந்து படிந்துவிட்டதா? பல ஆண்டுகள் பாரம் சுமந்த பட்டைகள் வளைவை இழந்து தட்டையாகிவிடும். அவற்றைக் கழற்றி மீண்டும் வளைவு ஏற்றினாலோ, அதே அளவில் புது செட் போட்டாலோ இழந்த உயரம் திரும்பிவிடும். கோணமும் பழைய நிலைக்கு வந்துவிடும். என் யோசனை, பெரும்பாலோருக்கு இதுவே போதும் என்பதுதான். மேலும், தயாரித்தவர் குறித்த விவரத்திலிருந்து வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நேர்ந்து காப்பீடு கேட்கும் நாளில் இது நினைவுக்கு வந்து பயனில்லை.

சக்கரக் கோணங்களில் முக்கியமானவை மூன்று. சைக்கிளின் முன் ஃபோர்க் மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் ஜீப்பின் முன்சக்கரத்தைத் திருப்பும் கிங்பின்னும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இதற்குக் காஸ்டர் என்று பெயர். திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வருவதற்குக் காரணம் இதுதான். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே அல்லது உள்ளே சாய்ந்திருப்பது கேம்பர். இரு சக்கரங்களின் முன்பக்கம், பின்பக்கத்தைவிடச் சற்று நெருங்கியிருப்பது டோ-இன். வில்லிஸ் வகைப் பழைய ஜீப்பில் காஸ்டர் 3 டிகிரி, கேம்பர் ஒன்றரை டிகிரி, டோ-இன் ஏறக்குறைய 1 முதல் 2½ மில்லிமீட்டர். மற்ற வண்டிகளுக்கு அந்தந்தக் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

முன்பக்கம் ஒரே தண்டாக ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள ஜீப்பில், உயர்த்துவதால் கேம்பர் மாறாது. அது ஆக்சிலிலேயே அமைந்தது. அது மாறியிருந்தால் ஆக்சில் வளைந்திருக்கிறது, அல்லது பெயரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பெரிதும் கெடுவது காஸ்டர்தான். ஆனால் பட்டறைகளில் அதிகம் கவனிக்கப்படாததும் அதுவே.

கணக்கைப் பாருங்கள். முன் ஸ்பிரிங்கின் நீளம் ஏறக்குறைய 36 அங்குலம். அதன் முன்முனையில், பம்பர் பக்கம், சாக்கிள் இருக்கிறது. இரண்டு அங்குலம் நீளமான சாக்கிள் போட்டால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே இரண்டு அங்குலம் இறங்கும். நடுவில் இருக்கும் ஆக்சிலுக்குக் கிடைப்பது ஒரே அங்குலம். அதாவது வண்டி உயர்வது ஒரு அங்குலம்தான். ஆனால் 36 அங்குலத்தில் இரண்டு அங்குலச் சரிவு என்பது 3 டிகிரிக்கும் சற்று அதிகம். கிங்பின்னின் மேல்பக்கம் அந்த அளவுக்கு முன்னோக்கிச் சாய்கிறது. இருந்த காஸ்டரே 3 டிகிரி! ஒரு அங்குல உயரத்துக்காக அது முழுவதையும் கொடுத்துவிட்டோம். ஸ்டியரிங் அலையாமல் வேறென்ன செய்யும்?

பின்பக்கத்தில் மட்டும் பட்டை சேர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். சக்கர இடைவெளி 80 அங்குலமுள்ள குட்டை ஜீப்பில் பின்பக்கம் இரண்டு அங்குலம் தூக்கினால் வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். காஸ்டரில் ஏறக்குறைய ஒன்றரை டிகிரி போய்விடும். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து ஓரளவு சரியாகும். சுமையோடு சந்தைக்கு ஒழுங்காகப் போன வண்டி, திரும்பி வெறும் வண்டியாக வரும்போது அலைவது இதனால்தான்.

இழந்த காஸ்டரைத் திரும்பப் பெற ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே எஃகு ஆப்பு வைக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஆப்பில் ஒரு முனை மற்றதைவிட 3½ மில்லிமீட்டர் தடித்திருந்தால் அது 2 டிகிரி. ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருந்தால் தடித்த முனை வண்டியின் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஸ்பிரிங் மேலே இருந்தால் தடித்த முனை பின்பக்கம். குழப்பமாக இருந்தால், ஆப்பு வைத்த பின் கிங்பின்னின் மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்ததா என்று மட்டும் பாருங்கள். மாற்றி வைத்தால் இருந்ததும் கெடும். ஆப்பு வைத்தால் நடு போல்ட்டும் யூ போல்ட்டும் அதற்கேற்ற நீளத்தில் புதிதாக வாங்க வேண்டும். பழைய யூ போல்ட்டில் நான்கு மரை மட்டும் பிடித்திருக்க மலை இறங்கக் கூடாது. மரக்கட்டையைச் செதுக்கி வைத்த வண்டியையும் பார்த்திருக்கிறேன். அதில் ஏற நான் மறுத்துவிட்டேன்.

ஆப்புக்கும் ஓர் எல்லை உண்டு. நான்கு சக்கர ஓட்டமுள்ள ஜீப்பில் முன் ஆக்சிலைப் பின்னோக்கிச் சாய்க்கும்போது, புரொப்பெல்லர் ஷாஃப்ட் சேரும் மூக்கு கீழே குனிகிறது; அங்குள்ள கிராஸ் தேய்ந்து சத்தம் கொடுக்கும். இரண்டு, மூன்று டிகிரிக்கு மேல் ஆப்பு தேவைப்பட்டால் சாக்கிள்தான் அளவுக்கு மீறியது என்று அறிந்து அதைக் குறைப்பதே முறை.

டோ-இன்னை நம் களத்திலேயே அளந்துவிடலாம். அதற்கு முன் தேய்மானம் பார்க்க வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, முட்டு கொடுத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பெயரிங் தளர்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் கிங்பின் தேய்ந்திருக்கிறது. டை ராட் முனைகளையும் இதேபோல் பார்க்க வேண்டும். ஆட்டம் உள்ள வண்டியில் அளவு எடுப்பது வீண் வேலை.

சமமான சிமெண்டுக் களத்தில், ரசமட்டம் வைத்துப் பார்த்து, வண்டியை நிறுத்துங்கள். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமாக ஏற்றும் பாரத்தில் பாதியாவது வண்டியில் இருக்கட்டும். முன்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுழலவிட்டு, டயரின் நடுவில் ஆணியால் ஒரு மெல்லிய கோடு கீறுங்கள். வண்டியை இறக்கி, சக்கரம் நேராக இருக்க, சில அடிகள் முன்னோக்கித் தள்ளி நிறுத்துங்கள். பின்னோக்கித் தள்ளக் கூடாது. தள்ளினால் அளவு பொய்யாகும். டயரின் முன்பக்கம் ஆக்சில் உயரத்தில் இரு கோடுகளிலும் சாக்குக்கட்டியால் புள்ளி வைத்து இடைத் தூரத்தை அளந்து குறியுங்கள். புள்ளி அரைச் சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் வரும் வரை வண்டியைத் தள்ளி மீண்டும் அளங்கள். பின் அளவு முன் அளவைவிட எவ்வளவு அதிகமோ அதுவே டோ-இன். ஒரே புள்ளியை இருமுறை அளப்பதால், ரிம் சற்றுக் கோணியிருந்தாலும் கணக்குத் தவறாது.

டை ராட் ஆக்சிலுக்குப் பின்னால் இருந்தால் அதை நீட்ட டோ-இன் கூடும். முன்னால் இருந்தால் நீட்டக் குறையும். பழைய ஜீப்புகள் சிலவற்றில் டை ராட் இரண்டு துண்டாக இருக்கும். உயர்த்தினாலே அவற்றில் டோ-இன் மாறிவிடும். சில மில்லிமீட்டர் என்று அலட்சியம் வேண்டாம். 6 மில்லிமீட்டர் தவறு என்றால் சக்கரம் ஒன்றுக்கு 3 மில்லிமீட்டர். 28 அங்குல டயர், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் நாலு மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்று இதற்குப் பொருள். டயரின் மேல் குறுக்காகக் கையை ஓட்டினால், ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் வாள்பல் போல் இடறும். வெளி ஓரம் இப்படித் தேய்ந்தால் டோ-இன் அதிகம்; உள் ஓரம் தேய்ந்தால் சக்கரங்கள் முன்பக்கம் விரிந்திருக்கின்றன.

வண்டி உயர்ந்ததும் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் டிராக் லிங்க் செங்குத்தாகச் சரிந்துவிடுகிறது. அப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும். நின்ற வண்டியை அளக்கும் எந்த இயந்திரமும் இதைக் காட்டாது. ஸ்டியரிங் வளையம் கோணியிருந்தால் அதைக் கழற்றி நேராக மாட்டிவிடுவது சிலர் பழக்கம். இது தவறு. பெட்டியின் நடு இடம் பிசகிவிடும். நீளம் மாற்றும் வசதி இருந்தால் டிராக் லிங்க்கில்தான் சரி செய்ய வேண்டும்.

முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் புது வகைப் பிக்-அப் வண்டிகளில் உயர்த்தினால் மூன்று கோணங்களும் சேர்ந்து மாறும். அங்கே ஆணியும் சாக்குக்கட்டியும் உதவாது. அலைன்மெண்ட் இயந்திரம் உள்ள இடத்துக்கே கொண்டுபோக வேண்டும். எந்த வண்டியானாலும் அங்கே போனால், “டோ மட்டும் போதாது, காஸ்டரும் பார்த்து எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள்.

புதுப் பட்டைகள் சற்றுப் படியும். ஆகவே உயர்த்தியதும் அளவை ஒருமுறை ஒழுங்குபடுத்தி, மெதுவாக 100 கிலோமீட்டர் ஓட்டியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் முறுக்கி, திரும்பவும் அளக்க வேண்டும். அப்போதே அடியில் குனிந்து பிரேக் ஹோஸைப் பாருங்கள். சட்டத்தை ஜாக்கியில் தூக்கி ஆக்சில் தொங்கும்போதும், ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுக்க ஒடிக்கும்போதும் அது விறைத்து இழுபடக் கூடாது. இழுபட்டால், நீளமான ஹோஸ் மாட்டும் வரை வண்டியை மலையில் ஏற்ற வேண்டாம்.