லேப்டாப் திணறுதா? இந்த எண்ணை முதலில் பார்

லேப்டாப் திணறுகிறது என்று போட்டோவையும் பாட்டையும் அழித்துக்கொண்டிருக்காதே தம்பி. டிஸ்க்கில் இடம் மிஞ்சலாம், ராம் ஒரு துளியும் கூடிவிடாது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. டாஸ்க் மேனேஜர் வழியாக ரிசோர்ஸ் மானிட்டருக்குப் போய், மெமரி பக்கத்தில் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' என்னும் எண்ணைப் பார்.

ஒவ்வொரு புரோகிராமும் மெமரி முழுக்கத் தனக்கே என்று நினைத்துத்தான் ஓடுகிறது. அது கேட்கும் முகவரியை, 4 கேபி அளவுள்ள பேஜ் பேஜாக, ஓர் அட்டவணையைப் பார்த்து உண்மையான ராம் முகவரிக்கு மாற்றித் தருவது பிராசஸர். கேட்ட பேஜுக்கு அந்த அட்டவணையில் வழி இல்லையென்றால், வேலையை நிறுத்தி ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கூப்பிடும். அதுதான் பேஜ் ஃபால்ட். பேஜ் ராமிலேயே எங்கோ இருந்தால் அட்டவணையைத் திருத்தினால் போதும், உனக்குத் தெரியவே தெரியாது. டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டியதுதான் ஹார்டு ஃபால்ட். ராமுக்கு ஏறத்தாழ 100 நானோசெகண்ட் என்றால், சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்குக்கு 10 மில்லிசெகண்ட் ஆகும். லட்சம் மடங்கு! எஸ்எஸ்டி என்றாலும் ஆயிரம் மடங்கு பக்கம் வரும்.

ஏதாவது திறக்கும்போது அந்த எண் ஒரு முறை எகிறி அடங்கினால் விட்டுவிடு. இறங்காமலே நின்றால்தான் வம்பு. ஒரு பேஜைக் கொண்டுவர இன்னொன்றை வெளியே தள்ளி, தள்ளியதையே மறுபடி கேட்டு... இந்தத் 'திராஷிங்' ஏன் வருகிறது என்று பீட்டர் டென்னிங் 1968லேயே எழுதிவிட்டார். ஓடுகிற புரோகிராம்களுக்கு இப்போதைக்கு வேண்டிய பேஜ்களின் மொத்தம் ராமை மீறுகிறது, அவ்வளவுதான். எமுலேட்டர் திறந்திருந்தால் மூடு, டேபைக் குறை. தினமும் இதே கதை என்றால் ராம் வாங்கிப் போடு. ராமிலிருந்து தள்ளிய பேஜ்களை டிஸ்க்கில் வைக்கும் கோப்புதான் பேஜ் ஃபைல்; 'அதை ஆஃப் பண்ணினால் வேகம் வரும்' என்பவன் பேச்சை மட்டும் கேட்காதே. மெமரி நிரம்பியதும் புரோகிராம் அப்படியே விழும், சேமிக்காத ரெக்கார்டு போச்சு.

ராம் வாங்கச் சொன்னேன் என்பதற்காக, ராம் கூடினால் எப்போதும் ஃபால்ட் குறையும் என்று பரீட்சையில் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடாதே. முதலில் வந்த பேஜை முதலில் தள்ளும் ஃபிஃபோ முறையில், பேஜ்களை 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் கேட்டுப் பார்: ராமில் 3 ஃபிரேம் (ஒரு பேஜ் உட்காரும் இடம்) இருந்தால் 9 ஃபால்ட், 4 ஃபிரேம் இருந்தால் 10. இது பெலாடி முரண். ஃபிரேம் காலியாக இருக்கும்போது வருகிற முதல் ஃபால்ட்களையும் எண்ணு, பாதிப் பேர் அங்கேதான் மார்க்கை விடுகிறார்கள். வெகுநேரம் தொடாத பேஜைத் தள்ளும் எல்ஆர்யூ முறையில் இதே வரிசைக்கு 10, 8 என்று ஒழுங்காக இறங்கும். அதையும் பக்கத்தில் போட்டுக் காட்டிவிடு.