சறுக்கு மேடையில் ஒரு ரயில் பாடம்

மைசூர் ரங்காயணம், பி.வி. காரந்த் முதல் இயக்குநராக இருக்க 1989-இல் தொடங்கிய நாடக நிறுவனம். அதன் கோடைக்காலச் சிறுவர் விழாவான ‘சின்னர மேளா’வில் என் பேரன் நடித்தான். தன் முறை வரும்வரை மேடையோரம் பொறுமையாக நின்றான். மறுநாள் நீர்விளையாட்டுப் பூங்காவில் அந்தப் பொறுமை பறந்துவிட்டது. முன்னால் சறுக்கிய சிறுமி விலகுமுன் இவனும் சறுக்கிவிட்டான். அவள் தலைக்கும் இவன் காலுக்கும் ஒரு சாண் இடைவெளிதான்!

கரையில் உட்காரவைத்துக் கணக்குச் சொன்னேன். சறுக்கு 5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். உராய்வே இல்லையென்றால் அடியில் வேகம் மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர். உராய்வைக் குறைக்கத்தான் மேலிருந்து நீர் விடுகிறார்கள். வேகம் இதில் பாதியே ஆனாலும் சைக்கிள் வேகம், பிரேக் கிடையாது.

நான் வேலை பார்த்த பாதைகளில், இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியை ‘பிளாக் செக்‌ஷன்’ என்போம். முந்தைய வண்டி முழுதாக வந்து சேர்ந்ததென்று அடுத்த நிலையம் தெரிவிக்காமல் இன்னொரு வண்டியை அனுப்பமாட்டோம்.

“அப்போ கீழே நிக்கிறவர் கை காட்டுறதுதான் சிக்னலா, தாத்தா?” என்றான்.

ஆமாம் என்றேன். அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி வரிசையில் நின்றான்.

பெற்றோரே, டிக்கெட் வாங்குமுன் இந்த ஒரு பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.