தாளும் நூலும்: வாழ்த்தட்டை செய்யும் பாடம்



கடையில் வாங்கும் வாழ்த்தட்டையில் படமும் பிறருடையது, வாசகமும் பிறருடையது. நாம் இடுவது கையொப்பம் ஒன்றே. வீட்டில் கழித்துப் போடும் வண்ணத்தாள் துண்டுகளை ஒட்டி, ஊசி நூலால் தைத்து முடிக்கும் அட்டையைப் பற்றி இங்கே கூற விழைகின்றோம். இப்பாடத்தைப் பள்ளியில் தொடங்கி வைப்பது எளிது. முடித்து வைக்கும் ஆசிரியர் உங்கள் இல்லத்திலேயே இருக்கின்றார்.

தாள் துண்டுகளால் ஆகும் படத்தை ஒட்டுப்படம் என்கிறோம். 1912ஆம் ஆண்டில் பிக்காசோ, பிராக் என்னும் ஓவியர் இருவரும் பிரான்சு நாட்டில் இம்முறைக்குப் புகழ் தேடித் தந்தனர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே, இங்கிலாந்தில் மேரி டிலேனி என்னும் மூதாட்டி 1772இல், தமது 72ஆம் வயதில், வண்ணத்தாளை நுணுக்கமாக வெட்டி ஒட்டி மலர்ப்படங்கள் ஆக்கத் தொடங்கினார். பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் மலர்கள்! அவை இலண்டன் பிரிட்டிசு அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆகவே வயதாகிவிட்டது என்று எந்தப் பாட்டியும் ஒதுங்கிக்கொள்ள வேண்டுவதில்லை.

பொருள்களுக்குச் செலவு மிகுதியில்லை. பழைய நாட்காட்டித் தாள், பலகாரப் பெட்டியின் உறை, சீனப் புத்தாண்டில் கிடைத்த சிவப்பு அங்பாவ் உறை, இவை போதும். அடித்தளத்திற்கு மணிலா அட்டை வேண்டும். 21 செ.மீ. நீளமும் 14.8 செ.மீ. அகலமும் உள்ள துண்டை இரண்டாக மடித்தால் கைக்கடக்கமான அட்டை கிடைக்கும். மரத்தைப் போலவே தாளுக்கும் நாரோட்டம் உண்டு. மடிக்குமுன் இருபுறமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் பக்கமே நாரோட்டம். அவ்வழியே மடித்தால் மடிப்பு வெடிக்காது.

பசையையும் வீட்டிலேயே காய்ச்சலாம். இரண்டு தேக்கரண்டி மரவள்ளி மாவை அரைக் கோப்பைத் தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் கிண்டினால் கண்ணாடி போல் தெளியும். அடுப்பருகே பெரியவர் ஒருவர் நிற்கட்டும். பசையை மெல்லியதாகத் தடவுக. ஈரம் மிகுந்தால் தாள் ஊறிச் சுருளும். ஒட்டியபின் கனத்த நூல்களின் அடியில் ஓரிரவு வைத்திடுக.

இனி, என்ன படம் அமைப்பது? நாம் கண்டவரை, பிள்ளைகள் பலரும் பனிமலையையும் ஊசியிலை மரத்தையும் வரைகின்றனர். நமக்கு ரப்பர் மரம் இருக்கிறது. தைப்பொங்கலை ஒட்டிய மாதங்களில் அதன் இலைகள் பழுத்துச் செம்மஞ்சளாகி உதிர்கின்றன. செம்மஞ்சள் தாளைக் கையால் கிழித்து, காம்புக்கு மூன்று இலையாக ஒட்டினால் அம்மரம் அட்டையில் எழும்.

மரப்பட்டையில் வெட்டுக்கோட்டைப் பிள்ளைகள் மனம்போன திசையில் சாய்த்து ஒட்டுவர். அதனை உங்கள் தந்தையிடமோ பாட்டனாரிடமோ காட்டுங்கள். பால் மரம் சீவியவர் எவரும் நொடியில் திருத்துவார்: வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ வேண்டும். பட்டையினுள் பால்குழாய்கள் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. இவ்வாறு சரியும் வெட்டே அவற்றுள் மிகுதியானவற்றை அறுக்கும். "எங்களுக்குப் படிப்பில்லை, பிள்ளையின் பாடத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று பள்ளி வாயிலுக்கு வரத் தயங்கும் பெற்றோர் இன்றும் உளர். உளி பிடித்த கைக்குத் தெரிந்த இவ்வுண்மை, பிள்ளை கையிலிருக்கும் பாடநூலில் இல்லை என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் பணிபுரிவோர் குலையையும் மட்டையையும் பற்றி இவ்வாறே சொல்லித் தரலாம்.

தையல் அன்னையரின் துறை என்பர். தந்தையரும் கற்கலாம், குற்றமில்லை. வெட்டிலிருந்து மங்குக்கு வழியும் பாலை வெள்ளை நூலால் பின்தையலாக இடுக. இலைக்காம்புக்கு ஓட்டுத்தையல் போதும். துணியில் தைப்பது போல் அட்டையில் தைக்கலாகாது. துணி ஊசிக்கு வழிவிட்டு மீண்டும் கூடும். தாளில் விழுந்த துளை மூடாது. ஆகவே முதலில் பென்சிலால் புள்ளியிட்டு, பழைய சிலிப்பரின் ரப்பர் மீது அட்டையை வைத்து, ஊசியால் துளைகளை இட்டுக்கொள்க. துளைக்குத் துளை அரை செ.மீ. இடைவெளி வேண்டும். நெருங்கினால், அஞ்சல் தலைத் தாள் கிழிவதைப் போல் அவ்வரியிலேயே அட்டை கிழியும். நூல் ஒரு முழத்திற்கு மேற்பட்டால் சிக்கும். பூத்தையல் நூலாயின் ஆறு இழைகளில் இரண்டைப் பிரித்தெடுத்தால் போதும். பின்புறம் முடிச்சுப் போட்டால் அது துளை வழியே நழுவும், அல்லது புடைத்து நிற்கும். நூல் முனையைப் படுக்கவைத்துச் சிறு தாளால் ஒட்டிவிடுக.

தையலின் பின்புறத்தை மறைக்க உள்ளே வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டி, அதில் வாழ்த்தை எழுதுங்கள். பெறுபவர் எழுத்தறியாத பாட்டியாயினும் கவலையில்லை. அவர் விரலால் தடவும்போது நூல் தட்டுப்படும். தம் பழைய சேலைப்பெட்டியின் தாளே இலையாகி நிற்பதையும் கண்டுகொள்வார். தொலைவில் உள்ளோர்க்கு அஞ்சலில் விடுவதாயின், தையல் நசுங்காதிருக்க உறையினுள் இன்னோர் அட்டையை வைத்து அனுப்புக.