எத்தனை பேர்? பேசுவதற்கு முன் எண்ணுவோம்

"நம்ம ஆளுங்க எல்லாரும் குடிகாரங்கதான்" என்பார் ஒருத்தர். "அதெல்லாம் அந்தக் காலத் தோட்டத்துக் கதைங்க" என்பார் இன்னொருத்தர். கிளைக் கூட்டத்தில் இரண்டுக்குமே கைதட்டல் கிடைக்கும். ஆனால் இரண்டும் கணக்கு இல்லை. மது விழிப்புணர்வு வேலையில் இறங்கும் இளைஞர்கள் முதலில் எண்ணத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. எதை எண்ணுகிறோம்?

கல்யாண விருந்தில் ஒரு கிளாஸ் பீர் குடித்தவரும், சம்பளத்தை எல்லாம் சம்சுவில் கரைப்பவரும் ஒன்றல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாளில் 10 கேள்விகள் உண்டு. எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதோடு, ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லையா, குடியால் யாருக்காவது அடிபட்டதா என்றும் அது கேட்கும். மொத்தம் 40 புள்ளி. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். அது தீர்ப்பு இல்லை, எச்சரிக்கை விளக்கு.

2. எத்தனை பேரில்?

கடை முனையில் தினமும் 12 பேரைப் பார்க்கிறோம். 60 பேரில் 12 என்றால் 20 விழுக்காடு. 600 பேரில் 12 என்றால் வெறும் 2 விழுக்காடுதான். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பவர்களோ நம் கண்ணில் படுவதே இல்லை.

3. பதில் சொல்லாதவர்கள்?

ஒரு தாமானில் 200 பெரியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் பதில் தந்தார்கள். அதில் 15 பேருக்கு 8 புள்ளிக்கு மேல். 15 விழுக்காடு என்று எழுதிடலாமா? மீதி 100 பேரில் ஒருவருக்கும் பிரச்சினை இல்லையென்றால் 7.5 விழுக்காடு. எல்லாருக்கும் இருந்தால் 57.5! கதவு திறக்காத வீட்டுக்கு மறுபடியும் போவது அதனால்தான் முக்கியம்.

4. வெட்கப்பட்டு மறைத்தால்?

வார்னர் என்பவர் 1965ல் இதற்கு ஒரு வழி சொன்னார். அதன் எளிய வடிவம் இது: "குடியால் உங்கள் வீட்டில் சண்டை வந்ததா?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் மறைவாக நாணயம் சுண்டச் சொல்லுங்கள். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் 'ஆம்' சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 100 பேரில் 60 'ஆம்' வந்தால், சுமார் 50 நாணயம் சொன்னது. மீதி 50 பேரில் 10 பேர் உண்மையாக 'ஆம்' என்றவர்கள். அதாவது ஏறக்குறைய 20 விழுக்காடு. அந்த வீடுகள் எவை என்று யாருக்கும் தெரியாது. ஆள் கூடக்கூட கணக்கும் துல்லியமாகும்.

மேடையில் "எல்லாரும் குடிகாரங்க" என்று முழங்கினால் என்ன நடக்கும்? உதவி தேவைப்படும் குடும்பம்தான் முதலில் வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு நம் கணக்கும் தப்பு, நம் உதவியும் போய்ச் சேராது. "யாரும் குடிக்கலை" என்று மழுப்பினாலும் அதே குடும்பம்தான் தனியாகத் தவிக்கும்.

பயிற்சி: 150 பேர் நாணயம் சுண்டினார்கள், 90 'ஆம்' வந்தது. உண்மை எத்தனை விழுக்காடு? அடுத்த கிளைக் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள்.