டாட்டிங்: எங்கே நிதானம் வேண்டும்?

டாட்டிங் லேஸ் முழுவதும் ஒரே ஒரு முடிச்சால் ஆனது. இரண்டு பாதிகள் கொண்ட அந்த இரட்டை முடிச்சைத் திரும்பத் திரும்பப் போட்டால் வளையமும் சங்கிலியும் பூவும் வந்துவிடும். வளையத்தை இழுத்து மூடும் வரை எந்தப் பிழையையும் பிரித்துச் சரிசெய்யலாம். மூடிவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. பல நேரம் கத்தரிக்கோலைத்தான் எடுக்க வேண்டிவரும். ஆகவே கையின் வேகத்தைக் குறைக்க வேண்டிய இடங்கள் எல்லாம் மூடுவதற்கு முன்னால்தான் இருக்கின்றன.

1. நூலும் ஷட்டிலும்
பழகுவதற்கு 20-ஆம் எண் பருத்தி நூலை, வெளிர் நிறத்தில் எடுங்கள். எண் கூடக் கூட நூல் மெலியும். 40, 80 எல்லாம் பிறகு. நூலைச் சுற்றி வைக்கும் சிறு ஓடம்தான் ஷட்டில். அதன் விளிம்பைத் தாண்டிப் பிதுங்காத அளவுக்கே நூலைச் சுற்றுங்கள். பிதுங்கிய நூல் அழுக்காகும், சிக்கும்.

2. முடிச்சு மாறும் நொடி
முதல் பாதிக்கு ஷட்டில், இடது கையைச் சுற்றியிருக்கும் கைநூலின் அடியில் போய் மேலே திரும்பும். இரண்டாம் பாதிக்கு மேலே போய் அடியில் திரும்பும். ஒவ்வொரு முறையும் இடது விரல்களைத் தளர்த்தி, ஷட்டில் நூலை விறைப்பாக இழுங்கள். சுருக்கு ஷட்டில் நூலிலிருந்து கைநூலுக்குத் தாவும். தாவியதைக் கண்ணால் பார்த்த பிறகே நடுவிரலை உயர்த்தி, முடிச்சை அதன் இடத்துக்குத் தள்ளுங்கள். பிறகு ஷட்டில் நூலை லேசாக இழுத்துப் பாருங்கள். அது முடிச்சுக்குள் வழுக்கி ஓட வேண்டும். ஓடாவிட்டால் அந்தப் பாதியை அப்போதே அவிழ்த்துவிடுங்கள். ஒரு முடிச்சு பூட்டிக்கொண்டாலும் வளையம் மூடாது.

3. பிக்காட்
இரு முடிச்சுகளுக்கு நடுவே எழும் சிறு நூல் கண்ணிதான் பிக்காட். நடுவே விடும் இடைவெளியில் பாதிதான் அதன் உயரம். 3 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 6 மில்லிமீட்டர் அகல அட்டைத் துண்டை இடையில் வைத்து அளந்துகொள்ளுங்கள். கண்ணளவை நம்பினால் ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் நிற்கும்.

4. எண்ணிக்கை
5, பிக்காட், 5, பிக்காட், 5, பிக்காட், 5 என்ற வளையத்தில் 20 இரட்டை முடிச்சுகள். மூடும் முன் ஒவ்வொரு பகுதியையும் விரலால் தொட்டு எண்ணுங்கள். பக்கத்து வளையத்தோடு இணைப்பு இருந்தால் அது முறுக்கில்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

5. மூடுதல்
முடிச்சுகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஷட்டில் நூலை ஒரே சீராக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் நூல் அறும், வளையம் கோணும். நடுவில் முரண்டு பிடித்தால் நிறுத்தி, முடிச்சுகளைச் சற்றுப் பரப்பிவிட்டுத் தொடருங்கள்.

6. முறுக்கு
சில வளையங்களுக்கு ஒருமுறை ஷட்டிலைத் தொங்கவிடுங்கள். அது தானாகச் சுழன்று நூலின் முறுக்கைச் சமன்செய்துகொள்ளும்.

வேலையை நிறுத்துவதானால் ஒரு வளையம் முடிந்த இடத்தில் நிறுத்துங்கள். பாதியில் வைத்துவிட்டுப் போனால் எண்ணிக்கையும் மறக்கும், திரும்பி வரும்போது கையின் இறுக்கமும் மாறியிருக்கும்.