முதலில் மிக்ஸி, அப்புறம் செல்போன்

ரிப்பேர் வேலையைப் பொழுதுபோக்காகக் கற்க நினைப்பவர்களில் பாதிப்பேர் செல்போனில் ஆரம்பிக்கிறார்கள். வேண்டாம். மைக்ராஸ்கோப், ஹாட் ஏர் கன், மாடலுக்கொரு டிஸ்ப்ளே என்று காசு கரைந்துவிடும். அதற்குப் பதில், போன வருஷம் உங்கள் வீட்டில் எதெல்லாம் ரிப்பேருக்குப் போனது என்று எழுதுங்கள். மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் என்றுதான் பெரும்பாலும் வரும். கற்க வேண்டியவையும் அவையே.

ஆனால் ஸ்க்ரூடிரைவருக்கு முன் மல்டிமீட்டர். கழற்றி மாட்ட யாராலும் முடியும்; கோளாறு எங்கே என்று சொல்லத்தான் ஆள் குறைவு. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் சூடாகவில்லையா? பிளக்கைப் பிடுங்கி, தெர்மோஸ்டாட்டைத் திருப்பி வைத்து, லைன், நியூட்ரல் பின்களுக்கு இடையே அளந்து பாருங்கள். சுமார் 53 ஓம் காட்டினால் உள்ளே எல்லாம் சரி. பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் ஒயர், அடுத்து தெர்மல் ஃபியூஸ். எர்த் பின்னுக்கும் அடித்தட்டுக்கும் பீப் வரவேண்டும். லைன் பின்னுக்கு வந்தால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.

மிக்ஸி நல்ல வாத்தியார். சத்தமே இல்லையென்றால் முதலில் அடியிலுள்ள சிவப்பு பட்டனை அழுத்துங்கள். ஓவர்லோடில் டிரிப் ஆகியிருக்கும். மோட்டார் ஓடியும் பிளேடு சுற்றாவிட்டால் கப்ளர். விட்டுவிட்டு ஓடி, பொறி பறந்தால் கார்பன் பிரஷ். கப்ளரைக் கழற்றத்தான் பலர் திண்டாடுவார்கள். ஓட ஓட இறுகும்படி மரை போட்டிருப்பார்கள். அதனால் மோட்டார் சுற்றும் திசையிலேயே திருகினால்தான் கழலும்.

ஃபேனில் காற்று குறைந்தால் கப்பாசிட்டரை மாற்றுங்கள், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். காயில் எரிந்தால் வைண்டிங் கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம். காயில் சுற்றும் பொறுமை எல்லோருக்கும் வாய்க்காது.

மைக்ரோவேவ் அவனைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் நிற்கும். உப்பிய லித்தியம் பேட்டரி, ஏசி கேஸ் இரண்டும் அதே ரகம். புதிய ஏசிகளில் வரும் ஆர்32 தீப்பிடிக்கக் கூடியது.

இதையே தொழிலாக்கும் எண்ணம் வந்தால் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவு 2 வருஷம். தமிழ்நாட்டில் மின் கம்பியாளர் தகுதிச் சான்றிதழ் தனி. அது கைக்கு வரும்வரை அடுத்தவர் வீட்டு வயரிங்கில் கை வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு மிக்ஸிக்கு அது தேவையில்லை. ஸ்பேர் வாங்கப் போகும்போது மட்டும் பழைய பிரஷ்ஷைக் கையோடு கொண்டுபோங்கள். மாடல் பெயரைச் சொல்லி வாங்கினால் மறுநாளும் அதே கடைக்குப் போக வேண்டிவரும்.