வற்றிய ஓடை மீளுமா?

கேள்வி: நிலத்தடியில் தோண்டியதால் வற்றிய குளத்தையும் ஓடையையும் திருத்த முடியுமா?
– வாசகர், கந்தளாய்

பதில்: முடியும்; ஆனால் வேலையை அடியிலிருந்து தொடங்க வேண்டும். உதாரணமாக, 2014 டிசம்பரில் உமா ஓயா நீர்மின் திட்டச் சுரங்கப்பாதைக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அத்தகைய இடத்தில் முதலில், பாறை வெடிப்புகளுக்குள் சீமெந்துக் கலவையை அழுத்தத்துடன் செலுத்திக் கசிவை அடைக்க வேண்டும். ஓடைப் படுகைக்கும் இம்முறை உதவும். குளமென்றால் வெடிப்பைத் தோண்டித் திறந்து, ஈரக் களிமண்ணை அரையடி அரையடியாக இட்டு இறுக்க வேண்டும். 1986இல் குளக்கட்டு உடைந்து உயிர்களைப் பறிகொடுத்த உங்கள் ஊருக்கு, கசிவை அலட்சியம் செய்வதன் விலை தெரியும். தோண்டிய இடத்தின் மேல் நிலம் தாழ்வது நிற்குமுன் அவசரப்பட்டால் களிமண் மறுபடி வெடிக்கும். நிலத்தடி நீர் ஊறப் பல மாரிகள் ஆகலாம். அதுவரை குடிநீர் தருவது தோண்டியவர் கடமை. அதை எழுத்தில் வாங்குங்கள்.